கல்லும் பெயரும்: கலமுடைந்து கரைசேர்ந்தோர் கதைகள்

சாந்த்ராகாச்சியில் குடியிருந்து கொல்கத்தாவில் அலுவல் பார்க்கும் நம்மவர் பலர்க்கும் நாள்தோறும் செல்லும் வழி ஒன்றே. உள்ளூர் வண்டியில் ஹவுரா. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் பூச்சந்தை. நோன்பு நாட்களிலும் திருமண நாட்களிலும் வீட்டுக்குப் பூ வாங்குவதும் அங்கேதான். அப்பூச்சந்தையை அடுத்துள்ள படித்துறைகளுள் ஒன்று சோட்டேலால் படித்துறை. அங்கே ஒரு கல் பதிக்கப்பெற்றுள்ளது. பல்லாண்டுகளாக அவ்வழியே சென்றும் யாம் அதைப் படித்ததில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்போர்க்குப் பத்து மணிக்குள் வருகை பதியவேண்டுமே என்னும் கவலைதான் பெரிது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் அக்கல்லைப் படித்தோம்.

1887-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் 'சர் ஜான் லாரன்ஸ்' என்னும் நீராவிக் கப்பல் வங்கக் கடலில் புயலில் சிக்கி மூழ்கியது. கல்கத்தாவிலிருந்து ஒரிசாக் கரையிலுள்ள சாந்த்பாலித் துறையை நோக்கிச் சென்ற கப்பல் அது. அதில் சென்றோர் பூரி சகந்நாதரை வழிபடப் புறப்பட்ட அடியார்கள். அவருள்ளும் பெரும்பாலோர் பெண்டிர். 700-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் பூரிக்கு இருப்புப்பாதை இல்லை. இன்று நாம் சாந்த்ராகாச்சி வழியே இரவு வண்டியில் உறங்கிக்கொண்டே பூரிக்குச் சென்று வருகிறோம். அன்று அதே வழிபாட்டுக்கு உயிரைப் பணயம் வைக்கவேண்டியிருந்தது. இறந்த அப்பெண்களின் நினைவாக ஆங்கிலப் பெண்மணிகள் சிலர் நிறுவியதே அந்தக் கல். அதில் கப்பலின் பெயர் உண்டு, நாள் உண்டு. இறந்தவர் பெயர் ஒன்றேனும் இல்லை.

அந்நிகழ்ச்சி நடந்தபோது இரவீந்திரநாத தாகூருக்கு வயது 26. அத்துயரைப் பொருளாகக் கொண்டு 'சிந்து தரங்கம்' என்னும் கவிதையை அவர் இயற்றினார். 'மானசி' என்னும் தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது. உணர்ச்சியற்ற கடலின் சீற்றத்தையும், அச்சீற்றத்தின் நடுவே குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளும் தாயின் அன்பையும் எதிரெதிரே நிறுத்தி, இவ்விரண்டும் ஓர் உலகிலேயே எவ்வாறு உள்ளன என்று அக்கவிதை வினவுகிறது. பெருங்கவிஞரின் பெருவினா என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்தாய்க்கும் பெயரில்லை. கல்லும் கவிதையும் இறந்தோரை நினைக்கின்றன. இழந்தோரின் துயரை அவை சொல்ல இயலும். அவ்விரவு எவ்வாறு இருந்தது என்பதை உள்ளிருந்து சொல்ல அவற்றால் இயலாது. அதைச் சொல்ல ஒருவர் பிழைத்துவர வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க ஒரு வீடு வேண்டும். கேட்டதை மறவாமல் வைத்திருக்க ஒரு முறை வேண்டும்.

அம்முறை நம் தமிழில் இருந்தது என்பதே இக்கட்டுரையில் யாம் சொல்லவருவது. ஆனால் அம்முறைக்கும் ஒரு குறை உண்டு. இரண்டையும் காண்போம்.

கோவலன் குடியில் வழங்கிய கதை

சிலப்பதிகாரத்தைப் படித்தோர் அடைக்கலக் காதையை அறிவர். மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் காணும் மாடல மறையோன், அவன் முன்பு செய்த நற்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். மதம் கொண்ட யானையிடமிருந்து முதியவர் ஒருவரைக் காத்ததும், கீரியைக் கொன்ற பார்ப்பனியின் துயர் தீர்த்ததும் நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுவன. அவற்றுக்கு முன்னதாக அவன் சொல்லும் செய்தியை நாம் அவ்வளவாகக் கருதுவதில்லை. மாதவி பெற்ற மகளுக்குப் பெயரிடும் நாளில், என்ன பெயர் வைக்கலாம் என்னும் பேச்சு எழுகிறது. கோவலன் தன் குலத்து முன்னோன் ஒருவனை நினைவுகூர்கிறான். நள்ளிருளில் நடுக்கடலில் அம்முன்னோனின் கலம் உடைந்தது. கரை அருகில் இல்லை. சில நாட்கள் நீந்திக் கிடந்தான். அவன் முன்பு செய்த அறத்தின் பயனாக மணிமேகலா தெய்வம் தோன்றி அவனைக் காத்துக் கரைசேர்த்தது. அத்தெய்வத்தின் பெயரையே குழந்தைக்கு இடுக என்கிறான் கோவலன்.

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றின் தலைவிக்குப் பெயர் வந்த வகை இது. மணிமேகலை என்னும் பெயர் ஓர் அணிகலனையும் குறிக்கும். அழகுக்காக வைத்த பெயர் என்றே அயலார் எண்ணியிருப்பர். அவ்வீட்டாருக்கோ அது ஒரு கப்பல் உடைந்த இரவின் நினைவு. இறந்துபட்ட வீரனுக்கு நடுகல் நாட்டிய நாடு நம் நாடு. கடலிலிருந்து பிழைத்து வந்தவனுக்குக் கல் நாட்டுவார் இல்லை. அவன்தான் உயிரோடு திரும்பிவிட்டானே! அவன் குடும்பம் அவன் பிழைத்த கதையைப் பிள்ளையின் பெயரில் வைத்துக் காத்தது. கல்லைக் காலமும் மழையும் தேய்க்கும். பெயரை நாளொன்றுக்கு நூறு முறை அழைப்பர்.

இனிக் குறையைச் சொல்வோம். நீந்திப் பிழைத்த அம்முன்னோனின் பெயரை இளங்கோவடிகள் அங்கே கூறவில்லை. தெய்வத்தின் பெயர் நின்றது. ஆளின் பெயர் நிற்கவில்லை. எந்தக் கடல், எந்தத் துறைக்குச் சென்ற கலம், உடன் சென்றோர் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள்? ஒன்றும் இல்லை. குடும்ப நினைவு நன்றியைக் காத்துக்கொண்டது, விவரத்தைக் கைவிட்டது. இஃது இளங்கோவடிகளின் குறையன்று. வீட்டுக் கதைகள் இயல்பாகவே இவ்வாறு தேய்கின்றன என்பதை அடிகள் உள்ளபடி காட்டியிருக்கிறார் என்றே யாம் கொள்கிறோம். தெய்வம் வந்து தாங்கியது வரலாறாகுமா என்று சிலர் கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் பிழைத்தவன் தான் பிழைத்ததற்கு வேறென்ன காரணம் கண்டிருப்பான்? அவன் சொல்லிய காரணத்தை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், நள்ளிரவும் உடைந்த கலமும் நாட்கணக்கில் நீந்திய உடம்பும் எஞ்சி நிற்கின்றன.

பிழைத்தோர் சொல்லும் பிழைபடும்

சீத்தலைச் சாத்தனார் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன், கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்தபின், வணிகரோடு கலமேறிச் செல்கிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்கிறான். அதே கலத்திலிருந்து தப்பிய வேறு சிலர் புகாருக்குத் திரும்பிச் சாதுவனும் இறந்தான் என்று சொல்லிவிடுகின்றனர். அச்சொல்லை நம்பி ஆதிரை தீப்புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடு உள்ளான் என்று விண்ணிலிருந்து குரல் வருகிறது.

பத்தினியின் பெருமையைக் காட்டவந்த பகுதி என்றே இதனை உரைப்பது வழக்கம். அதனூடே இன்னோர் உண்மையும் உள்ளது. நேரில் கண்டு தப்பிவந்தோர் சொன்ன செய்தியே அங்குப் பொய்யாகிவிடுகிறது. அவர்கள் பொய்யர் அல்லர். இருளில் தம் உயிரைக் காத்துக்கொள்ள நீந்தியவர்கள் பிறர் நிலையை எவ்வாறு அறிவர்? காணாமற் போனவனை இறந்தவன் என்றனர். பிழைத்தவர் வாய்ச்சொல்லைப் போற்றவேண்டும். அதனைச் சரிபார்க்கவும் வேண்டும். வாய்மொழி வரலாறு திரட்டுவோர் இன்று வலியுறுத்தும் இந்நெறிக்குச் சாத்தனார் கதையே தக்க சான்றாக நிற்கிறது. சாதுவனும் நாகர் தலைவனிடம் தனக்கென எதையும் வேண்டாமல், இனிக் கலமுடைந்து இக்கரை சேர்வோரைக் கொல்லாமல் காக்குமாறு அறம் சொல்கிறான். பிழைத்தவன் அடுத்துப் பிழைக்கப்போகிறவனை நினைக்கிறான்!

மணிமேகலையில் மற்றொரு கலமும் உடைகிறது. பீலிவளை பெற்ற சோழன் மகனைக் கம்பளச் செட்டி மணிபல்லவத்திலிருந்து தன் கலத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறான். அவ்விரவே கலம் கெடுகிறது. தப்பியோர் மன்னனிடம் சென்று இளவரசன் காணாமற் போனதை உரைக்கின்றனர். மகனைத் தேடும் துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தான். புகார் நகரைக் கடல் கொண்டது. ஒரு நகரமே அழிந்ததற்கு அக்கலம் உடைந்ததே முதற்காரணமாகிறது. ஆயினும் மன்னன் முன் நின்ற அம்மனிதர்கள் தாம் பட்ட பாட்டைக் கூறியதாகக் காப்பியத்தில் இல்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது இளவரசனைப் பற்றி மட்டுமே. அதிகாரம் தனக்கு வேண்டியதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும், மற்றவை விடுபடும். ஈராயிரம் ஆண்டுக்குள் இது பெரிதும் மாறவில்லை என்பதை இரண்டு கப்பல்களின் கதையால் காணலாம்.

ஊக்ளியிலிருந்து சென்ற 'சிரியா'

முதற்கப்பல் நம் கண்ணெதிரே ஓடும் இதே ஊக்ளி ஆற்றிலிருந்து புறப்பட்டது. சாந்த்ராகாச்சிக்குத் தெற்கே சிவபூர்த் தாவரத் தோட்டத்தின் கரையில் நின்றால் எதிர்க்கரையில் தெரிவது கார்டன் ரீச். ஒப்பந்தக் கூலிகளாகக் கடல்கடந்து செல்வோரைத் தங்கவைத்த கூடங்கள் அப்பக்கத்தில் இருந்தன. 1884 மார்ச்சில் 497 பேரை ஏற்றிக்கொண்டு 'சிரியா' என்னும் பாய்க்கப்பல் கல்கத்தாவிலிருந்து பிஜித் தீவுகளுக்குப் புறப்பட்டது. மே 11-ஆம் நாள் இரவு, கரை சேரும் தறுவாயில், நசிலாய்ப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. 59 பேர் இறந்தனர். வில்லியம் மெக்கிரெகர் என்னும் மருத்துவர் மீட்புப் பணியை முன்நின்று நடத்தினார். அவர் பெயர் நூல்களில் நிலைத்தது, அது தகும். மீட்கப்பட்ட 400-க்கு மேற்பட்டோர்? அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் காத்திருந்தது. பிழைத்த கதையைச் சொல்ல அவர்களுக்கு ஓய்வும் இல்லை, கேட்பாரும் இல்லை.

அக்கப்பலில் சென்றோர் தமிழர் அல்லர்; வட இந்திய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சென்னையிலிருந்து நம்மவர் பிஜிக்குச் செல்லத் தொடங்கியது 1903-இல்தான். ஆயினும் அவர் கதை நமக்கு அயலன்று. ஒரே கப்பலில் சென்றோர் சாதியும் ஊரும் கடந்து ஒருவரையொருவர் 'ஜஹாஜி பாய்' என்றழைத்தனர். கப்பல் உடன்பிறப்பு என்பது அதன் பொருள். கோவலன் வீட்டில் மகளின் பெயர் செய்த வேலையை அங்கே இவ்வுறவுப் பெயர் செய்தது.

இங்கே எழுத்தர் குலத்தைச் சேர்ந்த எமக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு. கப்பலேறிய ஒவ்வொருவர்க்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், காவல் எல்லை, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. எழுதியவர் யாரோ ஓர் எழுத்தர். காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் பல சிதைந்தன. எனினும் அச்சீட்டுகள் பிஜி ஆவணக்காப்பகத்தில் இருப்பதால், நான்காம் ஐந்தாம் தலைமுறையினர் தம் முன்னோரின் கப்பலையும் ஊரையும் தேடிக் காண்கின்றனர். வீட்டில் பாட்டி சொன்ன அரைகுறைச் சொல்லும் ஏட்டில் எழுத்தர் எழுதிய அரைகுறைப் பெயரும் சேரும்போது ஒரு முழு மனிதர் எழுந்து நிற்கிறார். 2011-இல் இவ்வாற்றங்கரையில், கிதிர்ப்பூர்ப் பக்கத்தில், இங்கிருந்து சென்ற தொழிலாளர்க்கு நினைவுப் பலகை வைக்கப்பட்டதும் அத்தகைய வழித்தோன்றல்கள் விடாது முயன்றதன் பயனே.

எண்ணப்பட்ட வெள்ளியும் எண்ணப்படாத மாந்தரும்

இரண்டாவது கப்பல் 'திலாவா'. 1942 நவம்பர் 20-ஆம் நாள் மும்பையிலிருந்து ஆப்பிரிக்கக் கரை நோக்கிப் புறப்பட்ட இக்கப்பலை, 23-ஆம் நாள் சப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் குண்டெறிந்து மூழ்கடித்தது. 958 பேரில் 280 பேர் இறந்தனர். 678 பேர் பிழைத்தனர். முதற்குண்டு பட்டபின்னும் கப்பல் உடனே மூழ்கவில்லை. படகுகளில் இறங்கியோர் சிலர் கப்பலுக்கே திரும்பினர்; அதன்பின் இரண்டாங்குண்டு பாய்ந்தது. மீட்கப்பட்டோரைப் 'பர்மிங்காம்' என்னும் போர்க்கப்பல் மும்பைக்குக் கொண்டுவந்தது. போர்க்காலச் செய்திகளுக்கிடையே இச்செய்தி அமிழ்ந்துபோயிற்று. 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. திலாவாவை அறிந்த பெரியவரே அரியர்.

அக்கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நாணயச் சாலைக்கு உரிய வெள்ளிக்கட்டிகள் இருந்தன. 2017-இல் ஆழ்கடலிலிருந்து அவை வெளியே எடுக்கப்பட்டன. எத்தனை தெரியுமா? 2,364 கட்டிகள். அவற்றின் தொடர்பாக நடந்த வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024-இல் தென்னாப்பிரிக்க அரசுக்குச் சார்பான தீர்ப்போடு முடிந்தது. கட்டிகளின் கணக்கில் ஒன்றும் விடுபடவில்லை. மாந்தரின் கதையைத் திரட்டும் பணியை எந்த அரசும் மேற்கொள்ளவில்லை. தந்தையை இழந்த பிள்ளைகளும் தாத்தாவைக் காணாத பேரர்களும் தாமே மேற்கொண்டனர். பெட்டியடியில் கிடந்த கடிதம், பழைய நிழற்படம், குழந்தையாக மீட்கப்பட்டு முதியவரானவரின் நினைவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எண்பதாம் ஆண்டாகிய 2022-இல் மும்பையில் கூடி நினைவு போற்றினர். கம்பளச் செட்டியின் கலத்தில் மன்னன் இளவரசனைத் தேடினான். இக்கலத்தில் வல்லவர்கள் வெள்ளியைத் தேடினர். மற்றவரைத் தேடும் கடமை இருமுறையும் வீட்டார்க்கே விடப்பட்டது.

எம் வீட்டுப் பெயர்

பிறர் கதை பேசியது போதும். எம் கதைக்கு வருவோம். எம் பாட்டனார் இரங்கூனில் கடைக் கணக்கு எழுதியவர். 1941 டிசம்பரில் அந்நகர்மீது குண்டு விழுந்தபின், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், கப்பலின் மேல்தளத்தில் இடம்பிடித்து ஊர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு பிறந்த எம் அத்தைக்குக் கடலோடு இயைந்த ஒரு பெயரை வைத்தார். வீட்டுப் பெண்ணின் பெயரை மலரில் அச்சிடுவது முறையன்று. எங்கள் ஊரில் அப்பெயர் வேறெவர்க்கும் இல்லை என்று மட்டும் சொல்லலாம். பிள்ளைப் பருவத்தில் அப்பெயரைச் சொல்லி யாம் நகைத்ததுண்டு. கடற்கரையே இல்லாத ஊரில் கடலின் பெயர் ஏன் என்று பாட்டனாரை ஒருநாளும் கேட்டதில்லை.

கல்லூரியில் அடைக்கலக் காதை எங்களுக்குப் பாடமாக இருந்தது. பொருள் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். அப்போதும் தோன்றவில்லை. படித்துறைக் கல்லைப் படித்துவிட்டு வீடு திரும்பிய மாலையில்தான், மணிமேகலை என்னும் பெயரும் அத்தையின் பெயரும் ஒருசேர நினைவுக்கு வந்தன. பாட்டனார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தொலைபேசியில் அத்தையைக் கேட்டோம். "அப்பா கடல்ல தப்பிச்சு வந்தாருன்னு ஆத்தா சொல்லும். வேற யாரு கேட்டா, யாரு சொன்னா?" என்றார்கள். பணியில் சேர்ந்த நாள்முதல் பிறர் படிவங்களில் காலியாக விட்ட கட்டங்களைச் சுட்டித் திருப்பி அனுப்பும் வேலை எம்முடையது. எம் வீட்டுப் படிவத்தில் கப்பலின் பெயர் என்னும் கட்டம் காலியாகவே கிடப்பதை அன்று உணர்ந்தோம்.

மாடலன் செய்த தொண்டு

அடைக்கலக் காதையில் இன்னும் ஒன்றைக் கருதவேண்டும். முன்னோன் பிழைத்த கதையை மாதவி வீட்டில் சொன்னவன் கோவலன். அதனை நமக்குக் கிடைக்கச் செய்தவனோ கோவலன் அல்லன்; அவன் குலத்தானும் அல்லன்; மாடலன் என்னும் அயலான். பெயர்சூட்டு நாளின் செய்தியை மனத்தில் வைத்திருந்து, ஆண்டுகள் கழித்து, கோவலன் எல்லாம் இழந்து நின்ற வேளையில் அவனுக்கே எடுத்துச் சொன்னான். அடுத்த நாள் கோவலன் கொலையுண்டான். மாடலன் சொல்லாதிருந்தால் மணிமேகலை என்பது காரணம் மறைந்த வெறும் பெயராக நின்றிருக்கும். ஒரு குடியின் கதையைக் காக்க அக்குடியினர் மட்டும் போதார். கேட்டு வைத்துக்கொள்ளும் ஒரு நல்ல அயலாரும் வேண்டும் என்பதையே அடிகள் இவ்வமைப்பால் உணர்த்துகிறார் என்பது எம் கருத்து.

புலம்பெயர்ந்து வாழும் நமக்குத் தமிழ்ச் சங்கம் அவ்வயலாராக இருக்கலாம். இங்குள்ள குடும்பங்களில் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கடல்வழி மீண்டோரின் மக்களும் பேரரும் இருப்பர். பொங்கல் விழாவுக்கு முதியோர் வரும்போது பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், அருகில் அமர்ந்து கேட்டு எழுதலாம். எந்த ஆண்டு, எந்தத் துறை, கப்பலின் பெயர் என்ன, உடன் வந்தவர் யார், வந்து சேராதவர் யார், வீட்டில் யார்க்கேனும் அதனால் பெயர் வைத்தீர்களா? இவ்வளவே வினாக்கள். முதியவர் சொல்வதில் பிழை இருக்கலாம். ஆதிரையிடம் செய்தி சொன்னவர்க்கும் பிழை நேர்ந்ததே. எழுதிவைத்தால்தான் பிழையைத் திருத்தவும் இயலும்.

அத்தைக்கு எண்பது கடந்துவிட்டது. வரும் விடுப்பில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டோடு செல்ல எண்ணியுள்ளோம். கப்பலின் பெயர் கிடைக்காமற் போகலாம். அவர் பெயருக்குக் காரணம் என்ன என்பதையேனும் எழுதி, இன்று வங்காளப் பள்ளியில் படிக்கும் எம் மகளிடம் கொடுத்துவைப்போம்.